இண்டக்‌ஷனா, கேஸா? உங்கள் வீட்டு அடுப்புச் செலவை நீங்களே கணக்கிடும் முழு வழிகாட்டி

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா என்று யோசிக்கும்போது, 'கரண்ட் பில் எகிறிவிடும்' என்பார் ஒருவர். 'கேஸைவிடப் பாதிச் செலவுதான்' என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே அவரவர் வீட்டளவில் சரியாகச் சொல்லியிருக்கலாம். ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, ஒரு கிலோ கேஸின் விலை, அடுப்பும் பாத்திரமும் எப்படிப்பட்டவை, சமைக்கும் பழக்கம் என்ன என்று எல்லாமே வீட்டுக்கு வீடு வேறுபடும். அதனால் எது மலிவு என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. ஆனால் உங்கள் வீட்டுக்கான பதிலை ஒரு மதிய நேரத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது. நாம் காசு கொடுப்பது எரிபொருளுக்கு, நமக்கு வேண்டியதோ பாத்திரத்துக்குள் சேரும் சூடு. அந்தச் சூட்டின் விலையைத்தான் ஒப்பிட வேண்டும். கேஸ் விலையையும் யூனிட் விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

முதலில்: எரிபொருளில் எவ்வளவு சூடு இருக்கிறது

மின்சாரத்தில் ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட்-மணி, அதாவது 3,600 கிலோஜூல். உலகெங்கும் இதுதான் அளவு.

சிலிண்டரில் வரும் எல்பிஜி வாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒரு கிலோவை எரித்தால் ஏறக்குறைய 46,000 கிலோஜூல் சூடு வரும். யூனிட் கணக்கில் 12.8. கலவை விகிதம் மாறினாலும் இந்த எண் பெரிதாக மாறாது, தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

குழாய் வழியாக வரும் இயற்கை வாயு என்றால், ஒரு கன மீட்டரில் சுமார் 10 யூனிட் சூடு இருக்கும். இது ஊற்றுக்கு ஊற்று கொஞ்சம் மாறும். உங்கள் பில்லில் வெப்ப மதிப்பு அச்சிட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து: அந்தச் சூட்டில் பாத்திரத்துக்குள் போவது எவ்வளவு

கேஸ் அடுப்பில் தீ பாத்திரத்தின் அடியைச் சுடுகிறது. அதோடு பக்கவாட்டில் மேலேறிப் போகும் சூடான காற்றாகவும் வெளியேறுகிறது. பாத்திரத்தின் கைப்பிடி சுடுவதும், அடுப்பின் ஸ்டாண்டு பழுக்கக் காய்வதும், சமையலறையே வெந்து கிடப்பதும் இதனால்தான். பர்னர், பாத்திரத்தின் அகலம், தீயின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து, எரிந்த வாயுவின் சூட்டில் 40 முதல் 60 சதவீதம் வரை பாத்திரத்துக்குள் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல பர்னரில் அகலமான பாத்திரம் என்றால் அதைத் தாண்டவும் செய்யும். பெரிய பர்னரில் சின்னக் கிண்ணத்தை வைத்துத் தீயை முழுக்கத் திறந்தால் 40-க்கும் கீழே போகும்.

இண்டக்‌ஷனில் கண்ணாடித் தட்டின் அடியில் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்னோட்டம் ஓடும்போது உண்டாகும் காந்தப்புலம், பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டிவிடுகிறது. அதாவது பாத்திரமே சூடாகிறது. கண்ணாடி சுடுவதுகூடப் பாத்திரத்திலிருந்து திரும்பி வரும் சூட்டால்தான். சுருளிலும் மின்னணுப் பலகையிலும் கொஞ்சம் சூடு வீணாகும், உள்ளே ஓடும் சின்ன விசிறி அதை வெளியே தள்ளும். மீதி 80 முதல் 90 சதவீதம் பாத்திரத்துக்குள் போகும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் ஒரு பயனுள்ள எண் கிடைக்கிறது. ஒரு கிலோ எல்பிஜி செய்யும் வேலையை இண்டக்‌ஷனில் செய்ய எத்தனை யூனிட் வேண்டும்? இண்டக்‌ஷன் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் அடுப்பு 40 சதவீதம் என்றால் 12.8 × 0.40 ÷ 0.85 = 6 யூனிட். 50 சதவீதம் என்றால் ஏழரை. 60 சதவீதம் என்றால் 9.

இதை 'சமன் எண்' என்று கூப்பிடுவோம். ஒரு கிலோ கேஸின் விலையை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை 9-க்கு மேல் என்றால், பெரும்பாலான வீடுகளில் இண்டக்‌ஷன்தான் மலிவு. 6-க்குக் கீழே என்றால் கேஸ் மலிவு. இந்த இரண்டு வகையிலும் விலைகளைச் சரியாக எடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நடுவில் வந்தால்தான் அளந்து பார்க்க வேண்டும்.

குழாய் வாயுவுக்கு இதே கணக்கில் ஒரு கன மீட்டருக்குச் சமன் எண் 5 முதல் 7 வரை வரும். சில இடங்களில் வாயு பில்லே கிலோவாட்-மணிக் கணக்கில்தான் வரும். அங்கே மின்சாரத்தின் விலை வாயுவின் விலையைப்போல் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் இண்டக்‌ஷன் லாபம், இரண்டரை மடங்கைத் தாண்டினால் வாயு லாபம்.

விலையைச் சரியாக எடுப்பது: பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்

பில்லின் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, 'எங்கள் வீட்டில் ஒரு யூனிட் இவ்வளவு' என்பார்கள். இந்தக் கணக்குக்கு அது உதவாது. விளக்கும் விசிறியும் பிரிட்ஜும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுப்புக்கான மின்சாரம் அதற்கு மேல் கூடுதலாக வருவது. பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் ஸ்லாப் முறை இருந்தால், இந்தக் கூடுதல் யூனிட்டுகள் எல்லாமே மேல் ஸ்லாப்பில் போய் உட்காரும். சில கட்டண முறைகளில் ஒரு எல்லையைத் தாண்டினால், அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். சராசரி விலையை நம்பினால் இதெல்லாம் கண்ணில் படாது.

குழப்பமே இல்லாத வழி, பில்லை இரண்டு தடவை போடுவது. அடுப்பு இல்லாமல் இப்போதைய யூனிட்டுக்கு எவ்வளவு, அடுப்புக்கான யூனிட்டையும் சேர்த்தால் எவ்வளவு என்று கட்டண அட்டவணையை வைத்துக் கணக்கிட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் அடுப்பின் மின்செலவு. வரி, கூடுதல் கட்டணம் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அடுப்புக்கு எத்தனை யூனிட் ஆகும்? மாதம் எத்தனை கிலோ கேஸ் ஆகிறதோ அதைச் சமன் எண்ணால் பெருக்குங்கள். மாதம் 10 கிலோ, சமன் எண் ஏழரை என்றால் 75 யூனிட். ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று நாட்காட்டியில் குறித்து வைக்கும் வீடுகளில் இந்த மாதக் கணக்கு உடனே கைக்கு வந்துவிடும். பழக்கம் இல்லாதவர்கள் கடைசி மூன்று நான்கு சிலிண்டர் பதிவு செய்த தேதிகளைப் பார்த்தால் போதும்.

கேஸ் பக்கமும் இதே கவனம் வேண்டும். கொண்டுவந்து கொடுப்பவருக்குத் தருவதையும் சேர்த்து, கையை விட்டுப் போகும் மொத்தத் தொகையை எடையால் வகுக்க வேண்டும். மானியம் வருடத்துக்கு இத்தனை சிலிண்டருக்கு என்று வரம்போடு கிடைத்தால், இண்டக்‌ஷனுக்கு மாறும்போது நீங்கள் வாங்காமல் விடப்போவது வரம்பைத் தாண்டிய, முழு விலைச் சிலிண்டராக இருக்கும். அந்த விலையைத்தான் எடுக்க வேண்டும்.

மாதாந்திர நிலைக் கட்டணங்களில், மாறினாலும் மாறாவிட்டாலும் கட்டியே ஆக வேண்டியதை இரண்டு பக்கமும் விட்டுவிடுங்கள். குழாய் வாயு இணைப்பையே துண்டிக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் அதன் நிலைக் கட்டணம் மிச்சக் கணக்கில் சேரும். அதேபோல, இண்டக்‌ஷனுக்காக வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த வேண்டி வந்தால், அதனால் ஏறும் நிலைக் கட்டணம் மின்சாரப் பக்கம் சேர வேண்டும். நேரத்துக்கு ஒரு விலை என்ற முறை இருந்தால், சமைக்கும் நேரத்து விலை எதுவோ அதை எடுங்கள். மாலைச் சமையல் பெரும்பாலும் விலை அதிகமான நேரத்தில்தான் விழும்.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் 'எங்களுக்கு மின்சாரம் இலவசம்' என்று பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள். அந்த யூனிட்டை அடுப்பில் செலவழிக்காமல் மின்கட்டமைப்புக்கு அனுப்பினால் என்ன கிடைக்குமோ, அதுதான் அதன் விலை.

தண்ணீர் சோதனை: உங்கள் அடுப்பின் உண்மையான சதவீதம்

தேவையானவை: காந்தம் ஒட்டும் அடியுள்ள ஒரு பாத்திரம், அதற்கு மூடி, சமையல் வெப்பமானி, பிளக்கில் மாட்டும் மின் மீட்டர், எடை பார்க்கும் தராசு. இரண்டு அடுப்பிலும் அதே பாத்திரம், அதே மூடி, அதே அளவு தண்ணீர் என்று வைத்துக்கொள்வது முக்கியம். பாத்திரமும் கொஞ்சம் சூட்டைக் குடிக்கும். ஒரே பாத்திரம் என்றால் அது இரண்டு பக்கமும் ஒரே அளவில் போய்விடும்.

பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள், 30 டிகிரி என்று வைப்போம். மூடிவைத்துச் சூடாக்கி, 90 டிகிரி வந்ததும் நிறுத்துங்கள். கொதிக்கும் வரை போக வேண்டாம். கொதிக்கத் தொடங்கினால் சூடு ஆவியாகப் போய்விடும், அதை வெப்பமானி காட்டாது. வெப்பநிலை பார்க்கும் முன் தண்ணீரை ஒரு தடவை கலக்கிவிடுங்கள், மேலும் கீழும் வேறு வேறு சூட்டில் இருக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.186 கிலோஜூல் வேண்டும். 2 லிட்டரை 60 டிகிரி ஏற்ற 502 கிலோஜூல். அதை 3,600-ஆல் வகுத்தால் 0.14 யூனிட். தண்ணீருக்குள் போன சூடு இதுதான்.

ஒரே தடவை செய்தால் மீட்டரும் தராசும் காட்டும் வித்தியாசம் மிகச் சின்னதாக இருக்கும். ஐந்து சுற்று செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பாத்திரம் பழையபடி ஆறியிருக்க வேண்டும், தண்ணீர் புதிதாக இருக்க வேண்டும். ஐந்து சுற்றுக்கு மொத்தம் 0.70 யூனிட் சூடு தண்ணீருக்குள் போயிருக்கும். இண்டக்‌ஷனில் பிளக் மீட்டர் 0.83 யூனிட் காட்டினால், 0.70 ÷ 0.83, அதாவது 84 சதவீதம்.

பிளக் மீட்டர் இல்லையா? வீட்டு மின் மீட்டரிலேயே வழி இருக்கிறது. டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், 1,600 அல்லது 3,200 என்பதுபோல். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சோதனை முடியும் வரை மினுக்குகளை எண்ணுங்கள். 1,600 என்ற மீட்டரில் 2,000 வாட் அடுப்பு ஓடும்போது நொடிக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவே மினுக்கும், எண்ண எளிது. ஒரு சுற்றில் 266 மினுக்கு வந்தால் அது 0.166 யூனிட்.

கேஸ் பக்கம், ஐந்து சுற்றுக்கு 100 கிராமை ஒட்டித்தான் வாயு செலவாகும். ஆள் எடை பார்க்கும் மெஷின் இதற்கு ஆகாது, 10 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு வேண்டும். சிறிய சிலிண்டர் இருந்தால் இன்னும் வசதி. எடை பார்க்கும்போது வால்வை மூடி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே வையுங்கள். ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே பற்றவையுங்கள். 110 கிராம் குறைந்திருந்தால் 0.110 × 12.8 = 1.41 யூனிட் சூடு எரிந்திருக்கிறது. அதில் 0.70 உள்ளே போயிருக்கிறது, 50 சதவீதம். குழாய் வாயு வைத்திருப்பவர்களுக்குத் தராசே வேண்டாம். மீட்டரின் கடைசி இலக்கங்களைச் சோதனைக்கு முன்னும் பின்னும் குறித்துக்கொண்டு, செலவான கன மீட்டரை 10-ஆல் பெருக்கினால் போதும்.

இந்த வீட்டின் சமன் எண் 12.8 × 0.50 ÷ 0.84, அதாவது 7.6.

இன்னும் உண்மைக்குக் கிட்டப் போக: ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது

தண்ணீர் சோதனை அடுப்பின் திறமையை மட்டும்தான் காட்டும். சமைப்பவரின் கையும் பழக்கமும் அதில் வராது. எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது வாரச் சோதனைதான். ஒரு வாரம் எல்லாவற்றையும் கேஸில் சமையுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் சிலிண்டரை எடை போடுங்கள். அடுத்த வாரம் முழுக்க இண்டக்‌ஷனில். ஒரு வாரத்தில் ஓரிரு கிலோ குறையும் என்பதால் இங்கே ஆள் எடை மெஷினே ஓரளவு போதும். விருந்தாளிகள் வராத, ஏறக்குறைய ஒரே மாதிரிச் சமையல் நடக்கும் இரண்டு வாரமாகப் பாருங்கள்.

இதற்காக அடுப்பு வாங்க வேண்டியதில்லை. தெரிந்தவரிடம் ஒற்றை அடுப்பு ஒன்றை இரவல் வாங்கினால் போதும்.

கணக்கைத் தலைகீழாக்கும் பழக்கங்கள்

ஒரே அடுப்பு ஒரு வீட்டில் லாபமாகவும் இன்னொரு வீட்டில் நஷ்டமாகவும் போவதற்குப் பெரிய காரணம் மூடி. 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 314 கிலோஜூல் போதும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கு மேல். கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. கூட்டிய தீ முழுக்க ஆவியாகி ஜன்னல் வழியாகப் போகும், உள்ளே இருப்பது அதனால் சீக்கிரம் வேகாது. மூடி போட்டு, கொதி வந்ததும் குறைத்துவிட்டால் எந்த அடுப்பிலும் மிச்சம்தான். பிரஷர் குக்கர் இன்னும் நல்லது. உள்ளே 120 டிகிரி வரை போவதால் நேரமும் குறையும், ஆவியும் வெளியே அதிகம் போகாது.

சிம்மில் வைத்து நெடுநேரம் வேகவைக்கும் சமையல் நிறைய இருந்தால் இண்டக்‌ஷனுக்குச் சாதகம். மூடிய பாத்திரத்தில் கொதியைத் தக்கவைக்க மிகக் கொஞ்சம் சூடே போதும். கேஸ் பர்னரை முழுக்கச் சிம்மில் வைத்தாலும் பல நேரம் அது தேவைக்கு மேல்தான் எரியும். இண்டக்‌ஷன் அடுப்பு குறைந்த அளவில் வைத்தால் விட்டு விட்டு ஓடும். 'நின்று நின்று ஓடுகிறதே, பழுதோ' என்று சிலர் பயப்படுவார்கள். அது சராசரியைக் குறைக்கும் வழி, அவ்வளவுதான்.

பாத்திரத்தின் அகலமும் அடியும் அடுத்தது. கேஸில் தீயின் நுனி பாத்திரத்தின் விளிம்புக்கு வெளியே தெரிந்தால், அவ்வளவும் வீண். இண்டக்‌ஷனில் அடி தட்டையாக இருக்க வேண்டும், சுருளை மூட வேண்டும். வளைந்த அடியும் மிகச் சின்னப் பாத்திரமும் சதவீதத்தைக் கீழே இழுக்கும். இண்டக்‌ஷனில் நேரடியாகச் சூடாகாத அலுமினியம், செம்புப் பாத்திரங்களுக்கு அடியில் வைக்க இரும்புத் தகடு விற்கிறார்கள். வாங்காதீர்கள். தகடு சூடாகி, அதிலிருந்து பாத்திரம் சூடாக வேண்டும். இண்டக்‌ஷனின் அடிப்படை லாபமே அதில் போய்விடும்.

கேஸ் அடுப்பை வைத்திருக்கப்போகிறவர்கள் தீயின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக நின்று எரிந்தால் நல்லது. மஞ்சளாக ஆடி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் வாயு முழுக்க எரியவில்லை. பர்னரைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் பழுது பார்ப்பவரை அழையுங்கள், ஏனென்றால் முழுக்க எரியாத தீ கார்பன் மோனாக்சைடைத் தரும். அதைச் செலவுக் கணக்கோடு சேர்த்துத் தள்ளிப்போடக் கூடாது.

2,000 வாட் பயம்

'2,000 வாட் அடுப்பு, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், ஆக 6 யூனிட்' என்று பெருக்கிப் பார்த்தே பலர் இண்டக்‌ஷனை வேண்டாம் என்று வைத்துவிடுகிறார்கள். அடுப்பு முழு வேகத்தில் ஓடுவது தண்ணீர் கொதிக்கும் வரைதான். அதன் பிறகு 400, 600 வாட்டில் போகும். முழு வேகத்தில் வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். கேஸ் பர்னரும் சளைத்ததில்லை: 2 கிலோவாட் பர்னரை முழுக்கத் திறந்தால் மணிக்கு 156 கிராம் வாயு எரியும், 3 கிலோவாட் பர்னரில் 234 கிராம். தீயாகக் கண்ணுக்குத் தெரிவதால் கேஸ் செலவு அதிகமாகத் தோன்றுவதில்லை, மீட்டரில் எண்ணாகத் தெரிவதால் மின்செலவு பயமுறுத்துகிறது.

வயரிங் விஷயத்தில் அந்த வாட் எண் முக்கியம்தான். 230 வோல்ட்டில் 2,000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். நல்ல எர்த் உள்ள, 16 ஆம்பியர் தாங்கும் தனிப் பிளக் வேண்டும். நீட்டிப்பு வயரில் போட்டு ஓட்டக் கூடாது. நான்கு சுருள் உள்ள பெரிய அடுப்பு 7 கிலோவாட்டைத் தாண்டும், அதற்குத் தனி லைனே போட வேண்டும். இது ஒருமுறைச் செலவு. அடுப்பு விலை, தேவையானால் புதுப் பாத்திரம், வயரிங் மூன்றையும் கூட்டி, மாத மிச்சத்தால் வகுத்தால் போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று வரும். அடுப்பின் உத்தரவாதக் காலத்துக்குள் திரும்பாவிட்டால், செலவை மட்டும் காரணமாக வைத்து நான் மாறச் சொல்லமாட்டேன்.

சின்னதாக இன்னும் இரண்டு. சமையல் முடிந்ததும் இண்டக்‌ஷனைச் சுவிட்சிலேயே அணையுங்கள். சும்மா நிற்கும்போது 2 வாட் இழுத்தாலும் வருடத்துக்கு 17 யூனிட் ஆகிறது. அப்புறம், சமையலறைக்கும் ஏசி ஓடும் வீடு என்றால் கேஸின் வீண்சூட்டை ஏசி வெளியே தள்ள வேண்டியிருக்கும். மாதம் 10 கிலோ கேஸில் 128 யூனிட் சூடு வருகிறது, அதே வேலைக்கு இண்டக்‌ஷனில் 75-தான். அந்த 53 யூனிட் வித்தியாசம் முழுவதும் ஏசியின் தலையில் விழுந்தால் ஏசி பில்லில் 15 முதல் 20 யூனிட் கூடும். குளிர் அதிகமான இடங்களில் இது தலைகீழ், வீண்சூடு அறையைச் சூடாக்க உதவும். ஆனால் கேஸ் எரியும்போது ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும் என்பதால் அதையும் முழுசாகக் கணக்கில் எடுக்க முடியாது.

இரண்டையும் வைத்துக்கொள்வது

ஸ்லாப் கட்டணம் உள்ள இடங்களில் பெரும்பாலும் லாபமாக அமைவது முழு மாற்றம் அல்ல, கலந்து பயன்படுத்துவது. கீழ் ஸ்லாப்பில் இன்னும் 40 யூனிட் இடம் இருக்கிறது, சமன் எண் 7.6 என்றால், ஐந்து கிலோவுக்குச் சற்று அதிகமான கேஸின் வேலையை அந்த விலையிலேயே முடித்துவிடலாம். மீதியைக் கேஸில் வையுங்கள். எந்த வேலையை இண்டக்‌ஷனுக்குக் கொடுப்பது? தண்ணீர் கொதிக்கவைப்பது, குக்கர், சிம்மில் வேகவைப்பது. வட்ட அடிப் பாத்திரம், நேரடித் தீயில் சுடுவது எல்லாம் கேஸுக்கு.

உங்கள் இரண்டு சதவீதங்களையும் சமன் எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுப்பையோ பாத்திரங்களையோ மாற்றும் வரை அவை மாறாது. கேஸ் விலையோ மின்கட்டணமோ மாறும் அன்று, புது விலைகளை வகுத்து அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், மறுபடி தண்ணீர் சுடவைக்க வேண்டியதில்லை.